இடது பக்கம் யாரு?

மரியம்மாளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். எதிரில் இருப்பவரைப் பார்த்து, "சரி, திரும்பச் சொல்லுங்க" என்பாள். அவ்வளவுதான். சொன்னதையே திரும்பச் சொல்லப் போனவர்கள், தாங்கள் உளறுவது தங்கள் காதிலேயே விழுந்து பாதியில் நிறுத்திவிடுவார்கள். பிள்ளையார்பாளையத்தில் இருக்கிற ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் அவள் இருபத்தோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பதவியின் பெயர் தற்காலிக டேட்டா என்ட்ரி. இருபத்தோரு வருஷத் தற்காலிகம்! இந்த அக்கிரமத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சங்கத்தின் புரோகிராமையே எழுதியவள் அவள். அதற்கு எந்தக் காகிதத்திலும் சாட்சி கிடையாது.

ஊர் திருமுக்கூடல். மூன்று ஆறு கூடுகிற இடம் என்று பேர்தான், அவள் சின்ன வயதில் பார்த்தது பெரும்பாலும் மூன்று மணல்தான். அப்பா முனுசாமிக்கும் அம்மா மேரிக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. பன்னிரண்டாவது முடித்ததும் டைப்ரைட்டிங் படிக்கக் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினாள். அந்த இன்ஸ்டிட்யூட்டின் பின் அறையில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தன. டைப்ரைட்டரை விட்டுவிட்டுப் போய் அதன் முன்னால் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். எந்தத் தறியில் யார், எந்தச் சேலை எப்போது வந்தது, எல்லாம் அதில் ஏறின.

தறிகளைக் கணக்கெடுக்க வீடு வீடாகப் போனபோது சில வீடுகளில் அவளுக்கு நாற்காலியை வாசலில்தான் போட்டார்கள். எதற்கென்று போட்டவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் வெளியே உட்கார வைத்த புண்ணியவான்கள் ஒன்றை யோசிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தறியில் இரண்டு முதுகு தெரியும். கையில் இருந்த படிவத்திலோ ஒரு பேருக்குத்தான் இடம் இருந்தது.

கோர்வைச் சேலையை ஒரே ஆள் நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். வலது பக்கம் உட்கார்ந்த ஆள் தறிக்குழியில் காலால் மிதித்து, குறுக்கு நூல் சுற்றிய நாடாவை எறிவார். இடது கரைக்குத் தனி நாடா. அதை இடது பக்கத்து ஆள் ஒவ்வோர் இழைக்கும் கோர்த்துத் திருப்பிவிட வேண்டும். கை ஒரு தரம் தப்பினால் உடலும் கரையும் சேருகிற இடத்தில் பல் போனது மாதிரி தெரியும். அந்த இடது பக்கத்தில் உட்காருவது பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்காரி உட்காருவாள், இல்லாவிட்டால் அடுத்த தெருவில் இருந்து ஒருத்தி வருவாள். வருகிறவள் இந்த மாதம் ஒரு தறி, அடுத்த மாதம் இன்னொரு தறி என்று மாறிக்கொண்டே இருப்பாள். சங்கத்துப் புத்தகத்தில் வலது பக்கத்து ஆளுக்கு மட்டும் பேர். இடது பக்கத்துக்கு ஒன்றும் கிடையாது.

மரியம்மாளும் முதலில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் புரோகிராமை எழுதினாள். பதினோரு மாதம் ஓடிய பிறகுதான் அந்த இரண்டு முதுகும் அவளை உறுத்த ஆரம்பித்தன. இன்னொரு கட்டம் சேர்க்கலாம் என்று போனால், ஏற்கெனவே ஏற்றியதெல்லாம் கவிழ்ந்துவிடுமோ என்று பயம். அதற்கு முன்னால் ஒரு தரம் கவிழ்ந்திருந்தது. அதனால் தறி நம்பர் போடுகிற கட்டத்திலேயே ஒரு சாய்கோடு போட்டு, இடது பக்கத்து ஆளின் நம்பரையும் எழுதினாள். 114/27 என்றால், நூற்றுப் பதினான்காம் தறி, இடது பக்கம் இருபத்தேழாம் ஆள். இருபத்தேழு யார் என்கிற பட்டியல் தனியாக ஒரு ஃபைலில் இருந்தது. பார்க்க லட்சணமான வேலை இல்லை. ஒட்டு வேலை என்று அவளே சொல்லுவாள்.

அதற்கப்புறம் சேலை கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் கேட்டாள், "இடது பக்கம் யாரு?"

"சேலை என்னுது. அதெல்லாம் உனக்கு எதுக்குமா?" என்று முறைப்பார்கள்.

"நானாபா கேக்கறேன்? கம்ப்யூட்டர் கேக்குது" என்பாள். பச்சைப் பொய். கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மனுஷி கேட்டால் பதில் சொல்லாதவர்கள் மிஷின் கேட்டால் சொன்னார்கள். இப்படியே இருநூற்று எண்பத்தாறு பேர் அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் சேர்ந்தார்கள்.

அந்த இருபத்தேழாம் நம்பர், சங்கீதா. நாற்பத்து நான்கு வயது. பத்தொன்பது வருஷத்தில் பதினோரு தறியில் இடது பக்கம் உட்கார்ந்து எழுந்தவள். புருஷன் இளங்கோவன் இறந்து எட்டு வருஷம். இடது பக்கத்தில் உட்காருகிறவர்களும் நெசவாளர்தான், எங்களையும் உறுப்பினராகச் சேருங்கள் என்று நாலு வருஷம் சங்கத்துப் படியேறிக் கேட்டது அவள்தான். போன வருஷம் பொதுக்குழுவில் வேண்டாவெறுப்பாக ஒரு தீர்மானம் போட்டார்கள். சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஒருவர் பேரில் நூறு சேலை இருந்தால், வலமோ இடமோ, உறுப்பினர் ஆகலாம். சங்கீதா பேரில் நானூற்றுப் பன்னிரண்டு சேலை இருந்தது. உறுப்பினர் சேர்க்கை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான். இந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கான பொதுக்குழு. அன்றைக்குப் பட்டியலில் பேர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இன்னும் ஐந்து வருஷம்.

அந்த ஞாயிறு பார்த்துத்தானா புது ஆப் வர வேண்டும்?

சென்னையில் இருந்து ஒரு கம்பெனி வந்தது. புது கம்ப்யூட்டர் மொழி, புது ஃபிரேம்வொர்க், எல்லாம் மொபைலிலேயே தெரியும் என்றார்கள். வேலைக்குத் தலைமை உதயகுமார். முப்பத்து நாலு வயது, பிள்ளையார்பாளையத்துப் பையன்தான், எண்பத்து மூன்றாம் நம்பர் தறிக்காரர் குமாரசாமியின் மகன். வந்த அன்றே சிரித்துக்கொண்டு சொன்னான், "மேடம், உங்க ஃபாக்ஸ்ப்ரோவை மியூசியத்துல வெச்சிடலாம்."

"வைங்க. நானே வந்து மாலை போடறேன்" என்றாள் மரியம்மாள்.

கேலிக்குச் சொல்லவில்லை. புதுசு என்றால் அவளுக்குக் கசக்குமா என்ன? யூடியூப் பார்த்து இரண்டு புது மொழி கற்றுக்கொண்டவள் அவள். பழைய புரோகிராம் மழை நாளில் சண்டி மாடு மாதிரி படுத்துக்கொள்வதும், பிரிண்டரோடு மல்லுக்கட்டுவதும் அவளுக்குத்தான் தெரியும். பழைய ஃபைல்களை எல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். நல்லபடியாகப் போய்த் தொலையட்டும் என்றுதான் நினைத்தாள்.

புதன்கிழமை ஆப் தயார். தேடுகிற இடத்தில் சங்கீதா என்று அடித்தாள். "பதிவு எதுவும் இல்லை" என்று வந்தது. எழுத்து மாறியிருக்குமோ என்று இரண்டு மூன்று விதமாக அடித்துப் பார்த்தாள். இல்லை. நூற்றுப் பதினான்காம் தறியைத் திறந்தாள். 114 இருந்தது. சாய்கோடும் இல்லை, இருபத்தேழும் இல்லை. வேறு தறிகளைத் திறந்தாள். எங்கேயும் இல்லை. இருநூற்று எண்பத்தாறு பேரையும் துடைத்து எடுத்திருந்தார்கள்.

உதயகுமாரைக் கூப்பிட்டாள். அவன் பதற்றமே இல்லாமல் சொன்னான், "அதுவா மேடம்? தறி நம்பர்ல ஏகப்பட்ட குப்பை இருந்துச்சு. கோடு, கோட்டுக்குப் பின்னால நம்பர்னு. டேட்டாவை க்ளீன் பண்ணிட்டோம்."

"சரி, திரும்பச் சொல்லுங்க."

"குப்பை... டேட்டாவை..." அவன் நிறுத்தினான். "ஏன் மேடம், அது என்ன?"

சொன்னாள். கூடவே, "ஒட்டு வேலை பண்ணது நான். எழுதி வெக்காதது என் தப்பு. அதை நான் இல்லன்னு சொல்லல. இப்ப அவங்களைத் திரும்ப உள்ள கொண்டாங்க" என்றாள்.

உதயகுமார் தலையைச் சொறிந்தான். "மாடல்லயே ஒரு சேலைக்கு ஒரு நெசவாளர்தான் மேடம். அதை மாத்தணும்னா அஸ்திவாரத்தைத் தோண்டணும். ஆறு வாரம் ஆகும். ஃபேஸ் டூல, அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை பொதுக்குழு இருக்குதுபா."

"அது என் கையில இல்ல மேடம். மத்தபடி இந்த ஃபிரேம்வொர்க் எதையும் தாங்கும். பேங்க்கு, ஏர்லைன்ஸ் எல்லாம் இதுலதான் ஓடுது. இந்த ஊர் தறியைத் தாங்காதா?"

மரியம்மாள் தேடுகிற இடத்தைக் காட்டினாள். "உங்க அம்மா பேரு மங்கையர்க்கரசிதானே? அடிச்சுப் பாருங்க."

அடித்தான். பதிவு எதுவும் இல்லை.

அவன் முகம் சுருங்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். சுருங்கவில்லை. சாதாரணமாகச் சொன்னான், "எங்கம்மா நெய்ய மாட்டாங்க மேடம். அப்பாதான் நெய்வாரு. அம்மா கூட ஒக்காந்துக்கினு இருப்பாங்க."

அடப்பாவி! பிறந்ததில் இருந்து அந்தத் தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவன். அவன் படித்த படிப்பில் பாதி அந்த இடது கரையில் இருந்து வந்தது. மரியம்மாளுக்குத் தன் அம்மா மேரி ஞாபகம் வந்தது. திருமுக்கூடலில் நிலத்துக்காரர் வேலைக்கு வந்தவர்களை ஒரு நோட்டில் எழுதுவார். 'முனுசாமி, கூட ஒண்ணு' என்று எழுதுவார். அந்தக் கூட ஒண்ணுதான் அவள் அம்மா. முப்பது வருஷம் நாற்று நட்டவள், கூட ஒண்ணாகவே செத்துப்போனாள்.

"உதயகுமாரு," என்றாள். "உங்க ஃபிரேம்வொர்க் தாங்கும். அதை நான் ஒத்துக்கறேன். தாங்காதது அது இல்ல. உங்க வூட்டுத் தறியில எத்தன பேருன்னு உங்களுக்கே தெரியல. உங்களுக்குத் தெரியாததை எந்த மொழியில எழுதினாலும் வராதுபா."

அவன் லேப்டாப்பை மூடிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை மேலாளர் கோதண்டபாணி அவளைக் கூப்பிட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கிறது, அதுவரை எந்த வம்பும் வாசலுக்கு வரக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தது. பழைய தகவல் அனைத்தும் புதிய செயலியில் சரியாக ஏற்றப்பட்டுள்ளது, சரிபார்த்தேன். கீழே அவள் பேர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போடும்மா. போட்டுட்டு டீ குடிக்கலாம்."

"சரியா ஏறல சார்."

"கொஞ்சம் முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும்."

"இருநூத்தி எண்பத்தாறு பேரு சார். முன்ன பின்ன இல்ல."

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயித்துக்கிழமை புது ஆப்புல வர்ற பட்டியல்தான் செல்லும். மேலிடத்து உத்தரவு. நீ கையெழுத்துப் போட்டாலும் அதான், போடலன்னாலும் அதான். உன் வேலை தற்காலிகம், அதையும் மனசுல வெச்சுக்க."

இருபத்தோரு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வார்த்தை. முன்பெல்லாம் அதைக் கேட்டால் அவளுக்குப் பயம் வரும். இன்றைக்கு வரவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. "புது ஆப்பு ஓடட்டும் சார். என் பேரைப் போட்டுக்கினு ஓட வேணாம்" என்று காகிதத்தை அவர் பக்கமே தள்ளிவிட்டு வந்தாள்.

வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் சங்கீதா காத்திருந்தாள். பட்டியலில் பேர் வந்துவிட்டதா என்று பார்க்க வந்தவள். மரியம்மாளால் பூசி மெழுக முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். உதயகுமார் அவன் அம்மாவைப் பற்றிச் சொன்னதையும் விடவில்லை.

சங்கீதா அழுவாள் என்று நினைத்தாள். அவள் அழவில்லை. "மரியக்கா, அந்த ஆப்புல ஒரு சேலைக்கு எத்தன ஆளு?"

"ஒரே ஆளு."

"கம்ப்யூட்டரே சொல்லிடுச்சா?"

"சொல்லிடுச்சு."

"அப்ப நாளைக்கு அந்த ஒரு ஆளே நெய்யட்டும்" என்றாள் சங்கீதா.

நின்ற இடத்திலேயே போனை எடுத்தாள். இடது பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. யார் வீட்டில் காய்ச்சல், யாருக்குப் பதில் யார் உட்காருவது என்று பேசிக்கொள்கிற குழு. அதில் ஒரு குரல் பதிவு போட்டாள். "நான் சங்கீதா பேசறேன். சங்கத்துல புதுசா ஒரு ஆப்பு வந்திருக்குது. அதுல ஒரு சேலைக்கு ஒரு ஆளுதானாம். நாமெல்லாம் நெய்யலியாம், கூட ஒக்காந்துக்கினு இருக்கறோமாம். நான் நாளைக்கு ஒக்கார மாட்டேன். நீங்க போறதும் போவாததும் உங்க இஷ்டம்."

சனிக்கிழமை காலை மரியம்மாள் ஸ்கூட்டரில் வரும்போது பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் சத்தம் குறைந்திருந்தது. ஒரே ஆள் நெய்கிற சாதாச் சேலைத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கோர்வைத் தறிகள் ஒன்று விடாமல் நின்றுவிட்டன. ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை முடித்தாக வேண்டும். வேறு ஆளைப் பிடிக்கலாம் என்றால், பிடிக்க வேண்டிய ஆளெல்லாம் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். பிள்ளைகளை உட்கார வைக்கலாம் என்றால், அவர்கள் விடிவதற்கு முன்பே ஒரகடத்து கம்பெனி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போயாகிவிட்டது. ஆண்கள் லுங்கியோடு வாசலில் நின்று ஒருவரை ஒருவர் பேந்தப் பேந்தப் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும் என்று மரியம்மாள் ஹாரன் அடித்துக்கொண்டே போனாள்.

பதினொரு மணிக்கு உதயகுமார் போன் செய்தான். "மேடம், எங்கம்மா தறியில ஒக்கார மாட்டேன்னுட்டாங்க."

பின்னால் குமாரசாமி கத்துவது கேட்டது. "கேளுடா அவளை! காலையில இருந்து நானே இந்தப் பக்கம் எறிஞ்சிட்டு, குழியை விட்டு ஏறி, சுத்திக்கினு போயி அந்தப் பக்கம் வாங்கி, திரும்ப வந்து எறங்கறேன்டா. முட்டி கழண்டுபோச்சு. சேலை ஒரு வெரக்கடை கூட வரல!"

அதற்கு மேல் மங்கையர்க்கரசியின் குரல் கேட்டது. கணீரென்ற குரல். "நான்தான் நெய்யறதே இல்லியே! கூட ஒக்காந்துக்கினுதானே இருக்கறேன்? இன்னைக்கு இங்க ஓரமா ஒக்காந்துக்கினு இருக்கறேன். நீ நெய்யி. உம் புள்ள படம் புடிச்சு அந்த ஆப்புல போடட்டும்!"

அவன் சொன்ன வார்த்தை வாட்ஸ்அப் வழியாக அவன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. மரியம்மாள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"மேடம், அந்த இடது பக்கத்துப் பட்டியல் ஃபைல் உங்ககிட்ட இருக்குதா?" என்றான் அவன். குரல் உள்ளே போயிருந்தது.

"உங்ககிட்டயே இருக்குது. பென் டிரைவுல குடுத்தேனே. அதையும் குப்பையில போட்டுட்டீங்களா? சங்கத்துக்கு வாங்க, திரும்பத் தர்றேன்."

அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். உட்கார்ந்ததும் வேலை ஆரம்பித்தது, கூடவே சண்டையும்.

"ஒரு சேலைக்கு ரெண்டு ஆளு. வலது ஒண்ணு, இடது ஒண்ணு. சரியா மேடம்?"

"இல்ல. பாதிச் சேலையில ஆளு மாறும். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தா இன்னொருத்தி வந்து ஒக்காருவா."

"ஒரு தரம் மாறுமா?"

"ரெண்டு தரமும் மாறும். மூணு தரமும் மாறும்."

"அப்ப எத்தன பேருக்குத்தான் இடம் வெக்கறது?"

"ஒக்காந்தவங்க எத்தன பேரோ அத்தன பேருக்கு."

தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு எழுத ஆரம்பித்தான். அவள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் புது மொழி லேசுப்பட்டது இல்லை. சேலை ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம், நடுவில் யார் எதில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை உட்கார்ந்தார்கள் என்று தனியாக ஒரு பட்டியல். இரண்டு ஆள் என்ன, இருபது ஆள் என்றாலும் வைத்துக்கொள் என்றது அது. அவளுடைய சாய்கோட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு நம்பருக்குத்தான் இடம் இருந்தது. நடுவில் மாறி உட்கார்ந்தவர்களை அவளும்தான் இத்தனை வருஷம் விட்டிருக்கிறாள்.

"என்னுதை விட இது நல்லா இருக்குது" என்றாள். அவளுக்கு அதைச் சொல்லக் கூச்சமாக இல்லை. "ஆமா, ஆறு வாரம்னு சொன்னீங்க. மூணு மணி நேரம்தானே ஆச்சு?"

உதயகுமார் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "இது அப்பவே பண்ணியிருக்கலாம் மேடம். தேவைன்னு தோணல."

மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் வந்தது. அவள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் பார்த்தாள். இருநூற்று எண்பத்தாறும் இருந்தது. பிறகுதான் கோதண்டபாணியின் காகிதத்தை எடுத்தாள். 'சரியாக ஏற்றப்பட்டுள்ளது' என்பதை அடித்துவிட்டு, கையாலேயே எழுதினாள். 'முதல் பதினோரு மாதம் இடது பக்கத்துப் பேர்கள் பதியப்படவில்லை. பாதியில் மாறியவர்கள் பேரும் இல்லை. இரண்டும் என் பிழை. இதனால் நூறு சேலைக்குக் குறைந்தவர்கள் இருந்தால், அவர்களைத் தறிக்காரர் சொல்லைக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.' கீழே முழுப் பேரையும் போட்டாள். கோதண்டபாணி அதைப் படித்துவிட்டு, "இப்படி யாராவது தன் தப்பைத் தானே எழுதிக் குடுப்பாங்களா? உனக்குப் பைத்தியமாம்மா?" என்றார்.

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கூடத்தில் உட்கார இடம் இல்லை. பெண்கள் ஒரே கூட்டமாக வந்து முன் வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் சிலர் முணுமுணுத்தார்கள். இப்படியே போனால் அடுத்த தேர்தலில் தலைவர் நாற்காலியையும் கேட்பார்கள் என்று யாரோ பின்னால் சொன்னார். "கேப்போம்" என்று முன் வரிசையில் இருந்து பதில் வந்தது. குமாரசாமி மட்டும் முட்டியைத் தடவிக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மரியம்மாள் உறுப்பினர் இல்லை, தற்காலிகம். கதவோரம் நின்றாள்.

தலைவர் கைலாசம் புதுப் பட்டியலைப் பிரித்தார். எழுபது வயது, பழைய மனிதர், மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படிப்பவர். வலது பக்கத்தில் இருந்து புதிதாகச் சேர்ந்த ஆறு ஆண்களின் பேரை முதலில் படித்தார். ஒவ்வொருவரும் எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தார்கள். தீர்மானத்தில் ஒன்றும் குளறுபடி இல்லையே என்று கோதண்டபாணியை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"சங்கீதா," என்று படித்தார். காகிதத்தில் புருஷன் பேர் இல்லை. ஆனால் வாய்ப் பழக்கம் விடுமா? "காலம் சென்ற இளங்கோவன் சம்சாரம்" என்று அவராகவே சேர்த்துக்கொண்டார்.

சங்கீதா எழுந்தாள். கும்பிடவில்லை.

"தலைவரே, அவரு ஷேர் ஆட்டோ ஓட்டினாரு. தறிக்குழியில காலே வெச்சதில்ல. நானூத்திப் பன்னெண்டு சேலையும் நான் நெய்ஞ்சது. பேரை மட்டும் படிங்க."

கைலாசம் கோதண்டபாணியைப் பார்த்தார். கோதண்டபாணி மின்விசிறியைப் பார்த்தார். சங்கீதா உட்காரவில்லை. அவள் பக்கத்தில் மங்கையர்க்கரசியும் எழுந்து நின்றாள். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள்.

கைலாசம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதே வரியை முதலில் இருந்து படித்தார்.

"சங்கீதா. நெசவாளர்."

அடுத்தது மங்கையர்க்கரசியின் பேர். அதில் அவர் எதையும் சேர்க்கவில்லை.